தாய்மாமன் குடம், ஆரம்ப விலை இருநூறு

இல்லை அக்கா, மேலே வைக்க முடியாது. மேலே வைத்தால் இந்த ரோட்டுக்கு உருண்டு விழும், விழுந்தால் நெளியும், நெளிந்தால் 'புதியது, உபயோகிக்காதது' என்று நான் எழுதிக்கொடுத்தது பொய்யாகிவிடும். மடியிலேயே இருக்கட்டும். உங்கள் கையில் இடித்தால் சொல்லுங்கள், திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன்.

நடத்துநர் கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்குமே. திருநெல்வேலியில் தண்ணீர் வரவில்லையா என்கிறார். பின் சீட்டு வரைக்கும் சிரிப்பு. அதோடு விட்டாரா, குடத்துக்கு லக்கேஜ் டிக்கெட் எடு என்றார். எத்தனை கிலோவுக்கு மேல் லக்கேஜ், எந்த உத்தரவில் இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். முன்னால் போய்விட்டார். விதியைக் கேட்டால் மனிதர்கள் முன்னால் போய்விடுகிறார்கள். ஆறு மாதத் தொழிலில் நான் கண்டுபிடித்த பொருளாதார உண்மை அது ஒன்றுதான்.

சங்கரன்கோவிலுக்குப் போகிறேன். இந்தக் குடத்தை அங்கே ஒருவர் ஏலத்தில் எடுத்திருக்கிறார், ஒப்படைக்கப் போகிறேன். நகை ஏலமோ கோயில் ஏலமோ இல்லை, செல்போனில் நடக்கிற ஏலம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் படம் போடுவோம், ஐந்து மணி வரைக்கும் விலை கேட்கலாம், கடைசியில் யார் அதிகம் கேட்டார்களோ அவர்களுக்குப் பொருள். நடத்துகிறவள் நான். நடத்தினவள். இப்போது அதிலும் ஒரு தகராறு இருக்கிறது. சொல்கிறேன். தூங்கப் போகிறீர்களா? இல்லையே? அப்படியானால் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பரணில் எத்தனை சுவர்க்கடிகாரம் இருக்கிறது? வெட்கப்படாமல் சொல்லுங்கள். மூன்றா? மூன்றுதான் என்றால் நீங்கள் கெட்டிக்காரர், மிச்சத்தை வேறு கல்யாணங்களில் தள்ளிவிட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் பதினொன்று. பதினொரு கடிகாரம், ஆறு ஹாட்பாக்ஸ், நான்கு டின்னர் செட், கண்ணாடிக்குள் ராதை கிருஷ்ணன் இரண்டு ஜோடி. எல்லாம் மொய்க்கு வந்தது. எதையும் பிரிக்க மாட்டோம். அடுத்த கல்யாணத்துக்கு மேலே சுற்றின தாளை மட்டும் மாற்றிக் கொண்டுபோவோம். ஒரு ஹாட்பாக்ஸ் இந்த ஜில்லாவில் ஏழு மணமேடை ஏறி இறங்கியிருக்கும், அதற்குள் ஒரு சப்பாத்தி போயிருக்காது.

இதைத் தடுக்கத்தான் பெயர் வெட்டுகிற வழக்கத்தையே நம் ஆட்கள் கண்டுபிடித்தார்கள் என்பது என் வாதம். பாத்திரக்கடையில் பில் போடும்போதே கேட்பார்களே, பேர் வெட்டணுமா என்று. டர்ரென்று ஊசி ஓடும், புள்ளி புள்ளியாக 'இன்னார் அன்பளிப்பு' என்று விழும். அதை அன்பு என்று நினைக்கிறீர்களா? பூட்டு அக்கா, அது பூட்டு. பெயர் விழுந்த பாத்திரத்தை அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் நீட்ட முடியாது. நீட்டினால் அகப்பட்டுக்கொள்வோம். கொடுத்தவர் பெயர் நம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நம்மைக் கண்காணிக்கிறது.

நான் எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. பெயர் செண்பகவடிவு. இவ்வளவு சரக்கு பரணில் முடங்கிக் கிடக்கிறதே, இதை நாட்டுக்குள் ஓடவிட்டால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாங்கு, ஏலம் விடு, பத்து சதவீதம் எடுத்துக்கொள். விடுதியில் என் அறைத்தோழி பிரம்மசக்தியையும் சேர்த்துக்கொண்டேன். பிரம்மு என்று கூப்பிடுவோம், பாவூர்சத்திரத்துக்காரி. நல்ல பெண். விவாதம் செய்யத் தெரியாது, அதுதான் குறை. நாம் ஒன்று சொன்னால் சரி என்பாள். சரி என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு அவள் நினைத்ததைச் செய்வாள். இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். கொள்கை, விதிமுறை, மேற்பார்வை எனக்கு. படம் எடுப்பது, பெட்டி கட்டுவது, கூரியருக்குத் தூக்கிக்கொண்டு போவது, வாங்குகிறவர்களிடம் பேசுவது அவளுக்கு. சரக்கெல்லாம் அவள் கட்டிலுக்கு அடியில். என் கட்டிலுக்கு அடியில் புத்தகம் இருக்கிறது.

குழுவுக்குப் 'பரண் ஏலம்' என்று பெயர் வைத்தேன். ஆளுக்கு இருநூறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தேன். பிரம்மு தன் செல்போனில் இருந்த அத்தனை பேரையும் சேர்த்தாள். சித்தி, மதினி, அத்தை, பால்காரர், தையல்காரி. நான் முப்பத்தொன்பது பேரைச் சேர்த்தேன், எல்லாரும் தரமானவர்கள். இருபத்திரண்டு விதி எழுதினேன். அதில் ஆறாவது விதிக்காக எனக்குச் சிலை வைக்கலாம். குழுவில் உறவுமுறை சொல்லக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, செல்போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் அவரவர் அடையாளம். நாற்பத்து மூன்று கேட்கிறார், பதினெட்டு கேட்கிறார். சந்தையில் ஏது அக்கா சித்தி, ஏது மதினி?

சனங்கள் சந்தைக்குத் தயாராக இல்லை. அதுதான் நோய். ஆரம்ப விலை நூறு என்று போட்டால் எழுபது என்று கேட்கிறார்கள். இது ஏலம், ஏறும், இறங்காது என்று எழுதினால், 'கடைசி விலை சொல்லும்மா' என்கிறார்கள். கடைசி விலை உங்களுக்கே தெரியாது, எனக்கே தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தானே ஏலம்! ஒரு அம்மாள் முந்நூற்றைம்பதுக்கு டின்னர் செட்டை ஜெயித்துவிட்டு, கொஞ்சம் குறைச்சுக்கோ என்றார். தானே ஏற்றின விலையைத் தானே குறைக்கச் சொல்கிறார். நான் ஒன்றேகால் பக்கத்துக்குப் பதில் எழுதினேன். பிரம்மு எனக்குத் தெரியாமல் முப்பது ரூபாய் குறைத்து, உள்ளே ஒரு கரண்டியும் வைத்துக் கட்டியிருக்கிறாள். அன்றைக்கே குழுவை நடத்துகிற அதிகாரத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். கோபமில்லை. நிர்வாகம்.

இது மானூரா? தாண்டிவிட்டோமா? சரி.

ஆனி மாதம் முகூர்த்தம் குறைவு, சரக்கு வரத்து நின்றுவிட்டது. ஏலத்துக்குப் படம் போட ஒன்றும் இல்லை. நடத்துகிறவர்களே தங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளாவது கொண்டுவந்தால்தான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று தீர்மானம் போட்டேன். என் அம்மா தரமாட்டேன் என்றுவிட்டாள். "என் பொறந்த வீட்டுச் சாமானைப் போட்டோ புடிச்சு ஊர்ல காட்டுவியோ? தொடப்பம் பிஞ்சிரும்." நானும் யோசித்துப் பார்த்தேன். நிர்வாகி வேறு, உடைமையாளர் வேறு என்று இருப்பதுதான் ஆரோக்கியம். ஆகவே பிரம்மு மட்டும் கொண்டுவந்தாள்.

அதுதான் இந்தக் குடம். எவர்சில்வர், பெரிய அளவு, பதினோரு வருஷமாகத் தண்ணீரே படாதது. அவள் அம்மா உலகம்மாள் வீட்டில் இதுபோல் மூன்று இருக்கிறதாம். கொடுக்கும்போது அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்களாம். கழுத்தைப் பாருங்கள், அக்கா. இந்தப் பக்கம். வாசிக்க வருகிறதா? 'பிரம்மசக்தி பூப்புனித நீராட்டு விழா. தாய்மாமன் சீர். ஆ. ஆவுடையப்பன், சங்கரன்கோவில்.' கீழே தேதி. அந்தப் பெயரைப் பட்டறையில் கொடுத்துத் தேய்த்துவிட்டு விற்கவேண்டும், அதுதான் நிபந்தனை.

நான் முடியாது என்றேன். தேய்க்கப் பட்டறைக்காரன் எண்பது ரூபாய் கேட்டான், அதற்காக இல்லை. ஒன்பதாவது விதி என்ன சொல்கிறது? பொருளை நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும், கீறல், நெளிவு, எழுத்து எதையும் மறைக்கக் கூடாது. வாங்குகிறவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? பிரம்மு சுற்றி வளைத்து என்னென்னவோ சொன்னாள். கடைசியில்தான் வந்தது: நான் வயசுக்கு வந்த தேதியை நானூறு பேர் பார்க்கணுமாட்டி? எனக்கு வந்தது பாருங்கள் கோபம். பூப்பு இயற்கை. அதைச் சடங்கு வைத்து, பந்தல் போட்டு, மைக் கட்டி ஊருக்குச் சொன்னது யார்? நானா? அப்போது வராத வெட்கம் இப்போது எங்கிருந்து வந்தது? நாற்பது நிமிஷம் பேசினேன். சரி என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆவணி இருபத்தொன்று. அப்பா இல்லாத வீடு. இந்த ஆவுடையப்பன்தான் எல்லாவற்றுக்கும். விசைத்தறி ஓட்டுகிறவர். இவள் சடங்குக்கு இதே குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மேளத்தோடு மூன்று தெரு சுற்றி வந்தாராம். கல்யாணத்துக்கும் மாலை எடுத்துக்கொடுக்க வேண்டியது அவர்தான். இதெல்லாம் குடும்ப விவரம். பொருளின் விவரத்தில் இதை எழுத இடம் கிடையாது.

போன ஞாயிறு நான்கு மணிக்குப் படம் போட்டேன். பத்தாவது நிமிஷம் பிரம்முவுக்கு அவள் அம்மாவிடமிருந்து அழைப்பு. வீட்டில் பிரம்முவின் தம்பி செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டார்கள். பேர் அப்படியே இருக்கே, எடுத்துருங்க என்று அழுகை. பிரம்மு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், எடுத்துருட்டி. நான் பதினான்காவது விதியைக் காட்டினேன். தொடங்கின ஏலத்தை நடுவில் நிறுத்த முடியாது, காரணம் எதுவானாலும். காரணம் எதுவானாலும் என்று எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்? நமக்கு ஒரு சங்கடம் என்றதும் நிறுத்தினால் அது விதியா, விளம்பரமா?

அவள் செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எவர்சில்வர் குடம், ஆரம்ப விலை இருநூறு. எழுபத்தொன்று என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர் ஐந்நூறு கேட்டார், அறுநூறு கேட்டார், நின்றுவிட்டார். நியாயமான விலை. அப்போதுதான் நாற்பத்து மூன்று உள்ளே வந்தது. எழுநூறு. உடனே பதினெட்டு, எண்ணூறு. நாற்பத்து மூன்று ஆயிரம் என்றது. பதினெட்டு ஆயிரத்து இருநூறு. இரண்டாயிரம். இரண்டாயிரத்து நூறு. கடைசி இரண்டு நிமிஷத்தில் யாராவது விலை கேட்டால் ஐந்து நிமிஷம் நீட்டிக்க வேண்டும் என்று விதி. நீட்டித்தேன். மறுபடி நீட்டித்தேன். மூன்றாயிரம். குழுவில் காலை வணக்கம் படம் போடுகிற ஆட்கள்கூடப் போடவில்லை.

நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பிரம்முவிடம் சொன்னேன், பார்த்தாயா, பெயர் இருந்தால் விலை ஏறும் என்று சொன்னேனே! ஒரு பொருளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் பெயர் இருந்தால் அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு, நகரத்தில் இருக்கிற ரசனை தெரிந்தவர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள், இதை வைத்து நான் ஒரு கட்டுரையே எழுதலாம் என்றேன். அப்போது நாலாயிரத்து இருநூறில் நின்றது, பதினெட்டின் கேள்வி.

பிரம்மு தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஏட்டி, நாப்பத்து மூணு எங்க அத்தை. ஆவுடையப்பன் மாமா பொண்டாட்டி. பதினெட்டு எங்க அம்மா."

அதாவது, இவள் சேர்த்துவிட்ட முந்நூற்றறுபது பேரில் அத்தை மாரிக்கனியும் இருந்திருக்கிறார். புருஷன் தலையில் சுமந்து கொடுத்த குடம் ஏலத்துக்கு வந்திருக்கிறதைப் பார்த்துவிட்டார். அவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று அம்மா ஏற்றுகிறார்கள். வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று அத்தை ஏற்றுகிறார். நடுவில் நான் ரசனை, மதிப்பு என்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அவர்கள் இரண்டு எண்.

இப்போது நீங்களே நியாயம் சொல்லுங்கள். பொருளின் உடைமையாளர் தன் பொருளைத் தானே ஏலம் கேட்கலாமா? உலகத்தில் எந்த ஏலத்திலும் கூடாது. அது மோசடி. விலையைப் பொய்யாக ஏற்றுவது. பதினோராவது விதி. அது எனக்குத் தெரியவந்த பிறகும் நான் சும்மா இருந்தால் நானும் கூட்டு. நாலாயிரத்து இருநூறுக்கு என் பங்கு நானூற்று இருபது ரூபாய், அதையும் வேண்டாமென்று தள்ளிவிட்டுத்தான் அந்த அறிவிப்பை எழுதினேன். என் நேர்மையை யாரும் பேசமாட்டார்கள். பிரம்மு செல்போனைப் பிடுங்க வந்தாள். அதற்குள் அனுப்பிவிட்டேன்.

என்ன எழுதினேனா? மனப்பாடமாக இருக்கிறது. 'பதினெட்டு என்ற எண்ணில் கேட்பவர் இந்தக் குடத்தின் உடைமையாளர், திருமதி உலகம்மாள், பாவூர்சத்திரம். விதி பதினொன்றின்படி அவருடைய கேள்விகள் அனைத்தும் ரத்து. ரத்தானவை போக, எழுபத்தொன்று கேட்ட அறுநூறே அடுத்த உயர்ந்த கேள்வி. ஆகவே ஏலத்தின் குறைந்தபட்ச ஏற்றமான ஐம்பது ரூபாயை அதற்கு மேல் சேர்த்து, அறுநூற்றைம்பதுக்கு நாற்பத்து மூன்றுக்குக் குடம் முடிந்தது.' இதில் எந்த வார்த்தை தப்பு? எந்த எண் தப்பு?

ஆமாம், பெயர் சொல்லக் கூடாது என்பது ஆறாவது விதி. அது ஏலம் கேட்கிறவர்களுக்கு. அவர்தான் ரத்தாகிவிட்டாரே. நீங்கள் நன்றாக விவாதம் செய்வீர்கள் போலிருக்கிறது.

அந்த அறிவிப்பு போகிற வரைக்கும் உலகம்மாள் என்ன வேண்டுமானாலும் சொல்லிச் சமாளித்திருக்கலாமாம். குடம் காணாமல் போனது, யாரோ எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள், பழைய பாத்திரத்தோடு தெரியாமல் போய்விட்டது. நான் அந்தக் கதவை எல்லாம் சாத்திவிட்டேன் என்கிறாள் பிரம்மு. பொய் சொல்கிற வாய்ப்பை நான் பறித்துவிட்டேன் என்று என்மேல் குற்றச்சாட்டு. நான் படித்த படிப்பில் இதற்குப் பாராட்டுவார்கள்.

கால்மணி நேரம் கழித்து அத்தையிடமிருந்து அம்மாவுக்குக் குரல் செய்தி. அம்மா அதைப் பிரம்முவுக்கு அனுப்ப, அவள் என் முகத்துக்கு நேராக வைத்துப் போட்டுக் காட்டினாள். தறிச் சத்தம் பின்னால் தடதடவென்று கேட்கிறது. சத்தம் போடவே இல்லை அந்த அம்மா.

"மைனி, அறுநூத்தம்பது ரூவாய்க்கு ஒங்க தம்பிய நானே எடுத்துக்கிட்டேன். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேண்டாம். கொடத்த மட்டும் இந்த வீட்டுக்கு அனுப்பிராதீக."

எவ்வளவு இடக்கு, பாருங்கள். மனிதரை யார் ஏலம் விட்டது? நான் போட்டது குடம், ஒன்று.

சரி, அறுநூற்றைம்பதையும் உடனே அனுப்பிவிட்டார். பணம் வந்துவிட்டது, பொருள் போகவேண்டும். ஏழு நாளைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது பத்தொன்பதாவது விதி. அவரோ அனுப்பாதே என்கிறார். பணம் கட்டிவிட்டுப் பொருள் வேண்டாம் என்பதற்கு விதியில் இடமே இல்லை. விற்ற சரக்கை வைத்துக் காக்க நான் என்ன கிட்டங்கியா நடத்துகிறேன்? பிரம்மு வந்தாள். அந்தக் குடத்தை என்னிடம் கொடு, பேரைத் தேய்த்து எங்கேயாவது போட்டுவிடுகிறேன், அறுநூற்றைம்பதை நானே அத்தைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றாள். விற்றுமுடிந்த பொருளில் கை வைக்கச் சொல்கிறாள்! அது இப்போது நாற்பத்து மூன்றின் சொத்து. அதன் கழுத்தில் ஒரு புள்ளியைத் தொடக்கூட எனக்கோ உனக்கோ உரிமை இல்லை என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். இழுத்துக்கொண்டே சொன்னாள். மாமா சண்டை போடுகிற ஆள் இல்லையாம். தெரிந்தால் ஒரு வார்த்தை கேட்கமாட்டாராம். கல்யாணத்துக்கு வருவாராம், பந்தியில் உட்காருவாராம், மொய் எழுதுவாராம். மாலை எடுத்துக்கொடுக்க மேடைக்கு மட்டும் ஏறமாட்டாராம். "எங்க அம்மா அதைப் பாத்துக்கிட்டு மண்டபத்துல நிக்கணும். அதுக்கு எத்தனாவது விதிட்டி?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். ஒரு விவாதத்தின் நடுவில் எழுந்துபோவது தோல்வியை ஒப்புக்கொள்வதுதான்.

மறுநாளே தனிக் குழு ஆரம்பித்துவிட்டாள். ஏலமும் இல்லை, விதியும் இல்லை. படம் போடுகிறாள், அவர்கள் கடைசி விலை என்ன என்கிறார்கள், இவள் சித்தி உங்களுக்காக என்று ஏதோ சொல்கிறாள், முடிந்துவிடுகிறது. என் குழுவிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் பேர் அங்கே போய்விட்டார்கள். நான் சேர்த்த முப்பத்தொன்பது தரமானவர்களில் முப்பத்தாறு பேர் உட்பட. உங்களுக்கு இது துரோகமாகத் தெரியவில்லையா? உழைப்பு அவளுடையதாக இருக்கலாம், யோசனை என்னுடையது.

பனவடலிச்சத்திரம். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

குடத்தைக் கூரியரில் போட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனேன். எடைக்குக் காசு இல்லையாம், அளவுக்குத்தான் காசாம். அகலம், நீளம், உயரம் என்று டேப்பை வைத்து அளந்து, குடத்துக்குள் இருக்கிற காற்றுக்கும் சேர்த்து விலை சொன்னான். அவனோடு அரை மணி நேரம். அப்புறம்தான் நேரில் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ரசீதும் எழுதி வைத்திருக்கிறேன், எல்லா விவரத்தோடும். வீட்டில் யார் இருந்தாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டியதுதான்.

காலையில் பிரம்முவிடமிருந்து ஒரே ஒரு வரி. ஐந்து நாளாகப் பேசாதவள். 'இன்னைக்கு அங்க கரண்டு கெடையாது, தறி ஓடாது, மாமா வீட்லதான் இருப்பாக, போகாதட்டி.' நான் என்ன செய்ய? ஏழாவது நாள் இன்றைக்குத்தான். மின்வாரியம் என்னைக் கேட்டா நிறுத்துகிறது? அவர் வீட்டில் இருந்தால் நல்லதுதான், நான் அவரிடமே நேரில் விளக்கிச் சொல்வேன். ஐயா, இது உங்கள் அக்கா உங்களை மதிக்காததால் விற்கப்பட்டது இல்லை. உங்கள் சீர் மூன்று குடத்தில் ஒன்று, வீட்டில் இடம் இல்லை, ஒரு தொழிலுக்கு உதவியாகக் கொடுத்தார்கள், பெயரை அழிக்கத்தான் சொன்னார்கள், நான்தான் அழிக்கவில்லை. இப்படி வரிசையாகச் சொன்னால் எந்த மனிதருக்கும் புரியும்.

புரியாதா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பதினோரு வருஷத்துக்கு முன்னால் தலையில் சுமந்துகொண்டு போன குடத்தை ஒரு பெண் வாசலில் கொண்டுவந்து நீட்டி, இது ஏன் விற்கப்பட்டது என்று வரிசையாகச் சொன்னால். சரி. அப்படிச் சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் ஒருமாதிரி இருக்கிறதுதான். நீங்கள் சொல்லவில்லை, நானேதான் சொன்னேன், தெரியும்.

அவர் மனைவி நாலாயிரம் வரைக்கும் ஏறினது அவருக்குத் தெரியாமல் இருக்கத்தான். எனக்கு அது இப்போது புரியவில்லை என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே புரிந்தது. புரிந்ததற்கும் விதிக்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் என் நிலைப்பாடு. நிலைப்பாடாக இருந்தது.

சங்கரன்கோவில் வந்துவிட்டதா? கோபுரம் தெரிகிறதே. நான் இறங்கவேண்டும். நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? நீங்களும் இங்கேயா? ராஜபாளையம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, சரிதான்.

வீடு எந்தப் பக்கம்?

தறிக்காரர்கள் இருக்கிற பக்கமா. அங்கே நூறு வீடு இருக்கும், எல்லாருக்கும் எல்லாரையுமா தெரியப்போகிறது. தெரியுமா? எந்த அளவுக்கு? உங்கள் வீட்டுக்காரரும் அவரும் ஒரே கொட்டகையிலா?

அக்கா, ஒரு நிமிஷம் உட்காருங்கள். ஆட்கள் இறங்கட்டும், பேருந்து இங்கே ஐந்து நிமிஷம் நிற்கும். திருநெல்வேலியிலிருந்து நானாகவே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன், கழுத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். அவரைத் தெரியும் என்று நீங்கள் காட்டிக்கொள்ளவே இல்லை. முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனே. நிறுத்தியிருக்க மாட்டேன். அதுவும் சரிதான்.

நடத்துநர் சார், நான் இறங்கவில்லை. ராஜபாளையம் ஒன்று கொடுங்கள். ஏன் என்று உங்களுக்கு எதற்கு, டிக்கெட் கொடுங்கள்.

ஆமாம் அக்கா, ஏழாவது நாள் இன்றைக்குத்தான். போகட்டும்.

ஆனால் நீங்கள் இறங்கிப் போவீர்கள். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினதும், இன்றைக்கு பஸ்ஸில் குடத்தோடு ஒரு பைத்தியத்தைப் பார்த்தேன் என்று ஆரம்பிப்பீர்கள். நானாக இருந்தாலும் ஆரம்பிப்பேன். கரண்டும் இல்லை, தறியும் ஓடவில்லை, எல்லாரும் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

சொல்லாதீர்கள், அக்கா. உங்கள் வீட்டுக்காரரிடம்கூட. ஆவணி இருபத்தொன்று வரைக்குமாவது. ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டால் என்னிடம் வாதம் ஒன்றும் இல்லை. இதற்கு விதியும் கிடையாது. சும்மா கேட்கிறேன்.